கேட்காமல் சொன்ன பதில்

கொரோனாக் கட்டுப்பாடுகள் முடிந்து கடைகள் பழையபடி திறந்த வருடம் அது. பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில், பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், சனி ஞாயிறுகளில் நான் நோயாளியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது என்ன வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு காப்பாரில் செம்பனைக் குலை ஏற்றினேன், ஜொகூரில் கோழிப் பண்ணையில் இருந்தேன், சிங்கப்பூரில் கட்டடத்துக்குக் கம்பி கட்டினேன், பங்சாரில் காவலுக்கு நின்றேன். எந்த இடத்திலும் இரண்டு வருடம் முழுதாக நின்றதில்லை. அந்தச் சமயத்தில் லோரியில் தளவாடம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த இரண்டாம் மாடிக்கு ஆறு மடக்குக் கட்டில்களைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைசிக் கட்டிலை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அங்கிருந்த டாக்டர் அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"இந்த வலி நெஜமா, நடிப்பா?" என்று கேட்டார்.

"நெஜம்தான் டாக்டர்."

"இதையே சனிக்கிழமை வந்து செய்யிறியா? சம்பளம் தரேன்."

அவர் அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாடுகளில் டாக்டருக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு உரிமத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். அந்தத் தேர்வில் எழுதுவதோடு வேறொரு பகுதியும் உண்டு. வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் நோயாளியாக நடிக்கும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாணவர் உள்ளே போய் எட்டே நிமிடத்தில் கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, என்ன நோய் என்று கண்டுபிடிக்க வேண்டும். மணி அடித்ததும் அடுத்த அறை. அதற்குப் பழக்கிவிடத்தான் நாங்கள் ஆறு பேர். அறை என்று சொன்னாலும் நடுவில் இருந்தது துணித் திரைதான். பேசுவது ஆங்கிலத்தில். என்னிடம் இருந்தது லோரி இங்கிலீஷ். "நோயாளி என்ன இலக்கணமா பேசுவான், அது போதும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு ஆளுக்கோர் அட்டை. அதில் மேலே, மாணவர் வந்ததும் சொல்ல வேண்டியது இருக்கும். கீழே, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது. என் அட்டைப்படி நான் ஐம்பது வயதுக் காவலாளி. வயிற்று வலி என்று மட்டும் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்காக இரண்டு மாதமாகக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும், மலம் கறுப்பாகப் போவதும் கீழே இருந்தன. மாணவர் அதைக் கேட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று பிடித்துவிடலாம். கேட்காவிட்டால் நான் அஜீரண மருந்தோடு வீட்டுக்குப் போய்ச் சில நாளில் செத்துவிடுவேன். காகிதத்தில் எத்தனை முறை செத்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒவ்வொரு மாணவரும் போனதும், அவர் எதையெல்லாம் கேட்டார் என்று ஒரு தாளில் நாங்கள்தான் குறிக்க வேண்டும். டாக்டர் ஒருவரே ஆறு திரைகளையும் சுற்றி வருவார், எல்லாவற்றையும் அவரால் கேட்க முடியாது. ஆகவே முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "கேக்காதத சொல்லக் கூடாது. எரக்கப்படவும் கூடாது. நீங்க எடைக்கல்லு மாதிரி. எடைக்கல்லு யாரப் பாத்தும் எரக்கப்படாது."

அந்த மாணவர்களில் ஒரு பெண் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவாள். குளிர் நாடு ஒன்றில் நான்கு வருடம் படித்து முடித்திருந்தாள். அங்கே கடைசி வருடத்துக்குள் நுழையும் முன்பு உரிமத் தேர்வில் தேற வேண்டும். ஒரு முறை தவறியிருந்தாள். இரண்டாம் முறையும் தவறினால் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது. ஒரு வருடம் விடுப்புக் கேட்டு எழுதினால், படிப்பை நிறுத்திவைத்து, தேர்வுக்கு நிதானமாகத் தயாராகிவிட்டுப் போகலாம். அந்தக் கடிதத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

வீட்டில் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு வருடம் தள்ளிப் போட்டால் மகள் டாக்டர் ஆவதை அவர் பார்ப்பாரா என்பதுதான் அவள் அம்மாவின் கவலை.

மற்ற மாணவர்களுக்கு நாங்கள் மேசை நாற்காலி மாதிரி. வருவார்கள், வயிற்றை அமுக்குவார்கள், மணி அடித்ததும் ஓடுவார்கள். இவள் மட்டும் எங்கள் நிஜப் பெயரைக் கேட்டாள். கிள்ளான் பாசாரிலிருந்து ஆறு பேருக்கும் குவே பலகாரம் வாங்கி வருவாள். வயிற்றைத் தொடும் முன்பு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். அந்தக் குளிர்சாதன அறையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர் சில்லென்ற கையோடு வயிற்றைத் தொட்டால்தான் அந்தச் சூட்டின் அருமை தெரியும்.

ஆனால் கேள்வி கேட்க அவளுக்கு வாய் வராது. அப்பா வயதுக்காரரிடம் மலம் என்ன நிறம் என்று எப்படிக் கேட்பது? அம்மா வயதுக்காரரிடம் குடிப்பீர்களா என்று எப்படிக் கேட்பது? முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாமாகச் சொல்லுவோம் என்று காத்திருப்பாள். மணி அடித்துவிடும். "ஒனக்கு வெக்கம், அவனுக்குச் சாவு!" என்று டாக்டர் திரைக்கு வெளியிலிருந்து கத்துவார். பயிற்சியில் ஆறு அறையில் இரண்டு தேறினால் அவளுக்கு அது நல்ல நாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து பொட்டலச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"அங்கிள், நீங்கன்னா என்ன செய்வீங்க? லீவ் எடுப்பீங்களா, போவீங்களா?"

"என்னைக் கேக்கிறியே, நான் என்ன டாக்டரா?"

"டாக்டர் லீவ் எடுங்கிறாங்க. அம்மா எடுக்காதங்கிறாங்க. அப்பா ஒன்னுமே சொல்ல மாட்டேங்கிறாரு." கைப்பேசியைக் காட்டினாள். விடுப்புக் கடிதம் எழுதித் தயாராக இருந்தது. "அனுப்புற பட்டனைத்தான் அமுக்கல. அடுத்த வாரம் டாக்டர் டெஸ்ட் வைக்கிறாங்க. ஆறுல அஞ்சு பாஸ் ஆனா போறேன். இல்லன்னா லெட்டர அனுப்பிடுறேன். முடிவு பண்ணிட்டேன்."

அதோடு நான் சோற்றைத் தின்றிருக்க வேண்டும். செய்யவில்லை. என் கதையைச் சொன்னேன்.

என் அப்பா கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்ட வருடம், ஒரே ஒரு வருடம் என்று சொல்லித்தான் நான் பள்ளியிலிருந்து நின்றேன். மறு வருடம் புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளி வாசல் வரைக்கும் போனேன். என்னைவிடச் சின்னப் பையன்கள் என் வகுப்புக்கு வரிசையில் நின்றார்கள். எனக்கு அதற்குள் மீசை அரும்பியிருந்தது. வாசலிலேயே திரும்பி நடந்துவிட்டேன். "படிப்ப நிறுத்தி வெச்சா சூடு ஆறிடும்மா. ஒரு வருசம்னு நிக்கிறவன் திரும்பிப் போனத நான் பாத்ததில்ல" என்றேன். நான் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்பதைச் சொல்லவில்லை.

அவள் எழுந்தாள். மேலே போய்விட்டாள்.

அவளுக்கு இல்லாதது தைரியம் மட்டும்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரு முறை நல்ல மதிப்பெண் வந்தால் தைரியம் தானாக வரும் என்று நினைத்தேன். டெஸ்ட் நாளன்று காலையில் சீக்கிரமே போய் மற்றவர்களிடம் பேசினேன். முதலில் மயக்கம் போட்டு விழும் வேடக்கார ஆன்டி. பழைய தொழிற்சாலை ஊழியர், வாய் அதிகம்.

"அந்தப் பொண்ணு வந்தா கொஞ்சம் வாயத் தொறங்க ஆன்டி. அதுவா கேக்காது."

"டாக்டர் காதுல விழுந்தா என் மயக்கம் நெஜமாயிடும்."

"ரெண்டே வார்த்தைதான் லா."

"போடா, போன வாரம் என் முட்டிக்கு எண்ணெய் வாங்கிட்டு வந்துச்சு அந்தப் புள்ள. நீ வந்து சொல்லித்தான் நான் தொறக்கணுமாக்கும்!"

இப்படியே மற்ற மூவரும் ஒத்துக்கொண்டார்கள். யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் அவளைப் பிடித்திருந்தது. ஆறாவது கட்டிலுக்கு அன்றுதான் புதிதாக ஒரு பெரியவர் வந்திருந்தார். வந்ததும் டாக்டர் அவரைக் கூப்பிட்டு அட்டையை விளக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

என் திரைக்குள் அவள் வந்தாள். கையைத் தேய்த்துச் சூடாக்கினாள். எத்தனை நாளாக வலி என்று கேட்டாள். அதோடு நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் முட்டியைத் தடவிக்கொண்டே, மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறேன் என்றேன். அவள் கண் விரிந்தது. இன்னும் கொஞ்சம் நின்றாள். மலம் கறுப்பாகப் போகிறது என்பதையும் நானே சொன்னேன். உடனே கடகடவென்று நோயைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னாள். அறிவில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் போனதும் தாளை எடுத்து, கேட்டார் என்ற கட்டத்தில் இரண்டு இடத்திலும் சரி போட்டேன். நல்ல காரியம் செய்கிற திருப்தியோடுதான் போட்டேன்.

ஆறில் ஐந்து. புதுப் பெரியவரின் அறையில் மட்டும் தவறியிருந்தாள்.

டாக்டர் தாள்களை இரண்டு முறை புரட்டினார். "போன வாரம் ரெண்டு, இந்த வாரம் அஞ்சா?" என்றார். எங்கள் பக்கம் திரும்பி, "ஒழுங்காத்தானே போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் டாக்டர் என்று ஐந்து பேரும் சொன்னோம். ஆன்டி கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். டாக்டர் என்னைச் சற்று அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு, "சரி, பரீட்சைக்குப் போயிட்டு வா" என்று அவளிடம் சொன்னார்.

மாடிப்படியில் என் கண் முன்னால்தான் அவள் அந்தக் கடிதத்தை அழித்தாள். "நீங்க சொன்னதுதான் சரி அங்கிள்" என்றாள்.

சில வாரங்களில் வழக்கம்போல நான் அந்த வேலையையும் விட்டேன். கொஞ்ச நாள் காஜாங்கில் ஒரு கிடங்கில் இருந்தேன். பிறகு கிள்ளானுக்குப் போய், ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் வேன் ஓட்டும் வேலையில் சேர்ந்தேன். காலையில் வீடு வீடாகப் போய் நோயாளிகளை ஏற்றி வர வேண்டும், முடிந்ததும் கொண்டுபோய் விட வேண்டும். இந்த முறை எல்லாருக்கும் நோய் நிஜம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் பட்டியலில் புதிதாக ஒரு வீடு சேர்ந்தது. வரிசை வீடு. ஒல்லியான ஒரு மனிதர் கைத்தடியோடு வந்து என் பக்கத்து இருக்கையில் ஏறினார். பின்னாலிருந்த ஒருவர் அவரைத் தெரிந்தவர் போல. "என்னய்யா, மக டாக்டராச்சே, காரு அனுப்பலையா? எங்களோட வேன்ல ஏறிட்ட?" என்று கிண்டல் செய்தார்.

"டாக்டருக்குப் படிச்சா" என்றார் இவர். அவ்வளவுதான். வேனில் யாரும் மேலே கேட்கவில்லை.

சாயங்காலம் அவரை இறக்கிவிட்டபோது கேட்டைத் திறந்துகொண்டு வந்தது அவள்தான். மருந்துக் கடைச் சீருடை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "அங்கிள்! நீங்களா? இன்னும் வயித்து வலி இருக்கா?"

அப்பாவை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்து, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். நோயாளிகள் இருந்த அறைகளில்தான் போய்விட்டது. "உள்ள போனா கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க அங்கிள். ஏதாச்சும் சொல்லுவாங்க, சொல்லுவாங்கன்னு நானும் நின்னேன். ஒருத்தர் வாயத் தொறக்கல. மணி அடிச்சிருச்சு. எல்லா ரூம்லயும் அப்படியே." பிறகு சொன்னாள்: "உங்க அளவுக்கு அவங்களுக்கு நடிக்கத் தெரியல."

என் மேல் குற்றம் சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நாங்கள் வேண்டுமென்றே வாயைத் திறந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த வீட்டில் இறங்க வேண்டியவர் பின்னாலிருந்து, "போலாமா அண்ணே" என்றார். நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று வாரம் அந்த மனிதர் திங்கள், புதன், வெள்ளி என்று என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் ரயில்வே கேட்டில் நின்றபோது நானாகத்தான் கேட்டேன், அன்றைக்கு மகள் லீவ் எடுப்பதா வேண்டாமா என்று தவித்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று. அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மகள் சொல்லியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டார்.

"எடுத்திருக்கலாம்" என்றார். "அவ பயந்தவ. ஒரு வருசம் இருந்தா சரியாயிருப்பா. ஆனா நான் வாயத் தொறந்து சொன்னா, அப்பா சாகப் போறாரு, அதான் பக்கத்துல இருக்கச் சொல்றாருன்னு நெனச்சுக்குவா. அதனால நானா சொல்லல. வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல."

ரயில் போய் முடிந்து கேட் தூக்கிய பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். கடை ஓரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முட்டியைத் தடவியது, தாளில் போட்ட சரி, ஆன்டியிடம் பேசியது எல்லாம்.

குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "எத்தன பேரு?" என்றாள்.

"அஞ்சு."

"அந்தப் புதுப் பெரியவரு?"

"அவருகிட்ட சொல்ல முடியாமப் போச்சு."

சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப அன்னைக்கு எனக்கு உண்மையா விழுந்த மார்க் அது ஒன்னுதான்" என்றாள். அழவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாளையிலேருந்து அப்பாவுக்கு முதல் ஷிப்ட். ஏழு மணிக்கே வந்து ஏத்திக்குங்க, டிரைவர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் என்னை அங்கிள் என்று கூப்பிட்டதில்லை. என்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி நிலையத்தில் புகாரும் கொடுக்கவில்லை. காலையில் அப்பாவை ஏற்றிவிடும்போது, சீட் பெல்ட்டைச் சரி பார்த்துவிட்டு, "சரி டிரைவர்" என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வேறு இடமாக இருந்தால் இரண்டே வாரத்தில் ஓடியிருப்பேன். இங்கே ஓட முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் அதிக நாள் நின்ற வேலை இதுதான்.

டாக்டரையும் போய்ப் பார்த்தேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு அன்னைக்கே சந்தேகம். நானும் அவ போகட்டும்னு ஆசைப்பட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதைவிடத் திட்டே வாங்கியிருக்கலாம்.

யாருக்காக அவசரப்பட்டார்களோ, அந்த அப்பா பிறகு கிட்டத்தட்ட மூன்று வருடம் உயிரோடு இருந்தார். ஒரு வருட விடுப்புக்கும் ஒரு கடைசி வருடத்துக்கும் அது போதும், அதற்கு மேலும் சில மாதம் மிச்சம் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அந்த மிச்சத்தைத்தான் நான் வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் இறந்தபோது போனேன். வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அவள் இன்னும் அதே மருந்துக் கடையில்தான் இருக்கிறாள். போன மாதம் என் முட்டிக்கு மாத்திரை வாங்க அங்கே போக வேண்டியிருந்தது. அட்டையில் எழுதியிருந்த வலி இப்போது உண்மையாகவே வந்துவிட்டது. அவள் மாத்திரையை எடுக்கவில்லை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று, நேராக என் கண்ணைப் பார்த்து, எத்தனை நாளாகப் போடுகிறீர்கள், வயிறு வலிக்கிறதா, மலம் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். குரல் தயங்கவே இல்லை. நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

இப்போதெல்லாம் யாருக்காவது நல்லது செய்யக் கை எழும்போது, இது அவருக்காகவா, பள்ளி வாசல் வரை போய்த் திரும்பி நடந்த அந்தப் பையனுக்காகவா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் வரும் வரை கையைக் கீழேயே வைத்திருக்கிறேன்.